பஞ்சு சுற்றுகிறவனும் தகரம் வெட்டுகிறவனும்

கேள்வி: ஐயா, நன்னிலம் வட்டத்தில் 12 மா (சுமார் 4 ஏக்கர்) நிலத்தில் விவசாயம் செய்கிறேன். மூத்த மகனுக்கு 23 வயது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தான். இரண்டரை ஆண்டுகளாக ஒரு காண்டிராக்டரிடம், குழாயிலும் பாய்லரிலும் சூடு வீணாகாமல் உறை போடுகிற இன்சுலேஷன் வேலை செய்கிறான். மின்நிலையம், சர்க்கரை ஆலை, எண்ணெய் ஆலை என்று பராமரிப்புக்காக ஆலையை நிறுத்துகிற ஷட்டவுன் நடக்கிற இடத்துக்கெல்லாம் கூட்டிப்போகிறார்கள். நாளுக்கு 800 ரூபாய். வேலை இல்லாத மாதங்களில் வீட்டில் இருக்கிறான். திரும்பி வரும்போது கையெல்லாம் தடித்துச் சிவந்திருக்கிறது. அவன் அம்மா பயப்படுகிறாள். பெண் பார்க்கப் போன இடத்தில் "மாப்பிள்ளை பைப்பில் பஞ்சு சுற்றுகிறாராமே" என்று கேட்டுவிட்டார்கள். என் மைத்துனர் மகன் கனடாவில் இருக்கிறான். இதே வேலைக்கு அங்கே யூனியன் உண்டு, சேர்ந்துவிட்டால் ஆயுளுக்கும் கவலை இல்லை என்கிறான். தஞ்சாவூர் ஏஜெண்ட் ஒருவர் அந்த யூனியனிலேயே சேர்த்துவிடுவதாகச் சொல்லி 6 லட்சம் கேட்கிறார். 3 மாவை விற்றால் புரட்டிவிடலாம். விற்கலாமா? இங்கே சங்கத்தில் சேர்ந்தால் காண்டிராக்டர் அடுத்த வேலைக்குக் கூப்பிடமாட்டார் என்கிறான் பையன். இது ஒரு தொழில்தானா?

பதில்:

அன்புள்ள ஐயா,

முதலில் நிலம். விற்க வேண்டாம். ஏஜெண்டுக்கு முன்பணம் என்று ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது. அதுவரை படிப்பதற்குள் நீங்கள் பத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக இதை முதலில் எழுதுகிறேன்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. 1987இல் நெய்வேலியில் இதே வேலையில் ஹெல்பராகச் சேர்ந்தேன். 2021இல் சூப்பர்வைசராக வேலையை விட்டேன். இந்த 34 ஆண்டுகளில் "இது ஒரு தொழில்தானா" என்று என் மாமனார் கேட்காத பொங்கல் இல்லை. ஒருமுறை அவரை மன்னார்குடிப் பக்கம் ஒரு புழுங்கல் அரிசி ஆலைக்கு அழைத்துப்போனேன். உமி எரிகிற பாய்லர். அதிலிருந்து நெல் அவிக்கிற தொட்டிக்கு நீராவி கொண்டுபோகும் 4 அங்குலக் குழாய் ஏறத்தாழ 20 மீட்டருக்கு வெறுங்குழாயாகவே ஓடியது. ஆட்கள் நடமாடுகிற ஓரிடத்தில் மட்டும் கை சுடாமலிருக்கச் சாக்கைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். சாக்கு கருகிக் காப்பிப்பொடி நிறத்துக்கு வந்திருந்தது.

7 கிலோ அழுத்தத்தில் நீராவியின் சூடு சுமார் 170 டிகிரி. அந்தச் சூட்டில் 4 அங்குல வெறுங்குழாய் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 700 வாட் வெப்பத்தைச் சும்மா காற்றுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். மீட்டருக்கு ஒரு இஸ்திரிப்பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 பெட்டிகளைச் சூடேற்றி வைத்துவிட்டு ஒரு வேட்டியைக்கூடத் தேய்க்காமல் விட்டதுபோலத்தான். 50 மில்லிமீட்டர் கனத்துக்கு ராக்வூல் என்ற கல்பஞ்சைச் சுற்றி மேலே தகரம் போர்த்தினால் இழப்பு பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். "உமிதானே, சும்மா கிடைக்கிறது" என்றார் ஆலைக்காரர். என் மாமனார் அவரை ஏற இறங்கப் பார்த்து, "செங்கல் சூளைக்காரன் விலைக்கு எடுக்கிறானே ஐயா" என்றார். அன்றோடு அந்தக் கேள்வியை நிறுத்திக்கொண்டார்.

ஆக, தொழில்தான். ஆனால் உங்கள் மகன் இப்போது செய்வது அந்தத் தொழிலா என்பது வேறு கேள்வி. பெண் வீட்டார் "பஞ்சு சுற்றுகிறாராமே" என்று கேட்டதில் எனக்குக் கோபம் வரவில்லை. பஞ்சு சுற்றுவது இந்த வேலையில் எளிதான பாதி. ராக்வூல் என்பது பாறையை உருக்கி இழையாக நூற்ற பஞ்சு. சூட்டைத் தடுப்பது அந்தக் கல் இழை இல்லை, இழைகளுக்கு நடுவே நகர முடியாமல் நிற்கிற காற்று. நசுக்கி இறுக்கிக் கட்டினால் காற்று போய்விடும். நனைந்தால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் உட்காரும். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். இந்த இரண்டும் புரிந்த பையன் ஒரு மாதத்தில் ஒழுங்காகப் பஞ்சு கட்டக் கற்றுக்கொள்வான்.

மீதிப் பாதி தகரம். அதில்தான் ஆள் யார் என்று தெரியும்.

உங்கள் மகனிடம் இப்படிக் கேட்டுப்பாருங்கள்: "6 அங்குலக் குழாய், 50 மில்லிமீட்டர் பஞ்சு. தகரத்தை எத்தனை அகலத்துக்கு வெட்டுவாய்?" குழாயின் சுற்றளவை அளந்து 530 என்று சொன்னால் அவன் இன்னும் ஹெல்பர். 6 அங்குலம் என்று பெயர் இருந்தாலும் அந்தக் குழாயின் வெளிவிட்டம் 168 மில்லிமீட்டர். பஞ்சு இரண்டு பக்கமும் 50, 50. மொத்தம் 268. அதன் சுற்றளவு 842. ஒன்றின்மேல் ஒன்று ஏற 50. ஆக 892. கணக்கை இந்த வரிசையில் சொன்னால் அவனுக்கு வேலை புரிந்துவிட்டது. அடுத்து எல்போவைக் கேளுங்கள். குழாய் 90 டிகிரி திரும்புகிற இடத்தில் ஒரே தகரத்தை மடிக்க முடியாது. ஆரஞ்சுச் சுளைபோலத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் பீடிங் என்ற உருண்டை விளிம்பு போட்டு, ஒன்றுக்குள் ஒன்றாகக் கோக்க வேண்டும். அந்தச் சுளையின் வளைவைத் தட்டைத் தகரத்தில் வரைவதற்கு ஒரு காம்பஸ், ஒரு ஸ்கேல், ஒரு ஸ்க்ரைபர் போதும்; ஆனால் கண்ணுக்குள் வடிவம் இருக்க வேண்டும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த ஃபோர்மேன் பாலக்காட்டுக்காரர். முதல் மூன்று மாதம் எனக்குத் தகரமே தரவில்லை. சிமெண்ட் சாக்கின் காகிதத்தில் வரைந்து வெட்டி ஒட்டச் சொன்னார். நான் கெடுத்த சாக்குகளுக்குக் கணக்கில்லை. காகிதத்தில் பிழை செய்தவன் 22 கேஜ் அலுமினியத்தில் செய்யமாட்டான் என்பார்.

தகரத்தில் இன்னொன்று உண்டு. அது உங்களுக்கு நான் சொல்லாமலே தெரியும். கீற்றுக் கொட்டகை வேய்கிறவர் எங்கிருந்து தொடங்குகிறார்? கீழ் வரிசையிலிருந்து. மேல் கீற்று கீழ்க் கீற்றின்மேல் ஏறிப் படுத்தால்தான் மழை வழிந்து ஓடும். மாற்றி வேய்ந்தால் முதல் ஐப்பசி மழையிலேயே தெரிந்துவிடும். நிற்கிற குழாய்க்குத் தகரம் போர்த்துவதும் இதேதான். படுத்திருக்கிற குழாயில் நீளவாட்டு மடிப்பு உச்சியில் வரக் கூடாது. பக்கவாட்டில், நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே, வாய் தரையைப் பார்த்து இருக்க வேண்டும்.

கடலோர ஆலை ஒன்றில் ஒரு குழாயைப் பிரித்தபோது பார்த்தேன். வெளியே அலுமினியம் பளபளவென்று இருந்தது. உள்ளே பஞ்சு ஈரக் களிமண்ணாகிக் கிடந்தது. குழாயைத் தட்டினேன், வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக உரிந்து வந்தது. எட்டு மில்லிமீட்டர் கனத்தில் பாதிகூட மிச்சமில்லை. யாரோ ஒருவர் அவசரத்தில் மடிப்பை மேலே பார்த்து வைத்துவிட்டார். உப்புக்காற்றும் மழையும் மீதி வேலையைப் பார்த்துக்கொண்டன. இரும்புக் குழாயில், நீர் கொதித்துப்போகாத, ஆனால் கை வைக்க முடியாத நடுத்தரச் சூட்டில்தான் இந்த அரிப்பு வேகமாக நடக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் விலக்கு இல்லை. 60 டிகிரிக்கு மேல் உப்பிலுள்ள குளோரைடு ஊறினால் துருவே தெரியாமல் வெடிப்பு விடும். அந்தக் குழாயில் அன்று அழுத்தம் இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். நாகப்பட்டினம், காரைக்கால் கரையில் வேலை செய்கிற பையனுக்கு இது பாடமில்லை, உயிர்.

இப்போது தடித்துச் சிவக்கிற கை. உங்கள் வீட்டம்மாவிடம் சொல்லுங்கள்: அது பெரும்பாலும் நோயில்லை, அரிப்பு. கல் இழையின் முனை தோலில் குத்துகிறது. முழுக்கைச் சட்டை, கையுறை, கழுத்தில் துண்டு. வந்தவுடன் தேய்க்காமல் குளிர்ந்த நீரில் கழுவ வேண்டும், வெந்நீர் வேண்டாம். வேலைத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். குழந்தைகள் துணியோடு ஊறவைக்கக் கூடாது. மூக்குக்குத் துண்டு கட்டுவது ஏமாற்று. என்-95 போன்ற முகமூடி வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல் ராக்வூலையும் கண்ணாடிப் பஞ்சையும் புற்றுநோய் தரும் என்று வகைப்படுத்த முடியாதவற்றின் பட்டியலில் வைத்தது. அதே பட்டியலிடலில் உலைகளுக்குள் வைக்கிற செராமிக் பஞ்சு, புற்றுநோய் தரக்கூடும் என்ற வகையில் இருக்கிறது. ஆகவே செராமிக் பஞ்சைத் தொடும்போது கூடுதல் கவனம். எல்லாவற்றையும்விட முக்கியம், பழைய ஆலையில் பழைய பூச்சைப் பிரிக்கிற வேலை. அது என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் சுத்தியலை ஓங்கக் கூடாது. அது கல்நாராக இருக்கலாம்.

கல்நார் என்ற ஆஸ்பெஸ்டாஸைப் பற்றிப் பேசாமல் உங்கள் யூனியன் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

உங்கள் மைத்துனர் மகன் சொல்வது உண்மை. அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்தத் தொழிலுக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. 1903இல் செயின்ட் லூயிஸ் நகரில் குழாய்க்குப் போர்வை போர்த்துகிற தொழிலாளர்கள் பல ஊர்களிலிருந்து வந்து கூடினார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பு அவர்களுக்குப் பட்டயம் கொடுத்தது. இன்றைய பெயரைத் தமிழில் சொன்னால் வெப்ப, உறைபனிக் காப்பாளர்களின் பன்னாட்டுச் சங்கம். அந்தக் காலத்தில் அவர்கள் குழாய்க்குப் பூசியதில் பெரும்பாலும் கல்நார் கலந்திருந்தது. வெட்டும்போதும் கலக்கும்போதும் தூள் பறக்கும். மூச்சோடு உள்ளே போன இழை இருபது முப்பது ஆண்டு கழித்துத்தான் ஆளைச் சாய்க்கும். அதற்குள் அவன் பத்து கம்பெனி மாறியிருப்பான். எந்த முதலாளி பொறுப்பு? யார் கணக்கு வைத்திருப்பார்கள்?

சங்கம் வைத்திருந்தது. நியூயார்க் பக்கத்துக் கிளைகளின் உறுப்பினர் பதிவேட்டில் ஒவ்வொரு தொழிலாளியும் எந்த ஆண்டு சேர்ந்தார், எப்போது இறந்தார் என்பது பெயர் பெயராக இருந்தது. இர்விங் செலிகாஃப் என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். 1943க்கு முன்னால் தொழிலுக்கு வந்த 632 பேரை 1962 வரை தேடிப்பிடித்தார்கள். அவர்களில் 45 பேர் நுரையீரலிலோ நுரையீரல் உறையிலோ புற்றுநோய் வந்து இறந்திருந்தார்கள். பொதுமக்கள் கணக்குப்படி எதிர்பார்த்திருக்க வேண்டியது 6.6. 1964இல் அது மருத்துவ இதழில் வெளியானபோது கல்நார் பாதுகாப்பானது என்று பேசிவந்தவர்களுக்குப் பதில் சொல்வது கடினமாகிவிட்டது.

ஐயா, நான் இந்தத் தொழிலில் அழுத சமயங்கள் குறைவு. இந்தக் கணக்கை முதன்முதலில் படித்தபோது அழுதேன். அந்த 45 பேருக்காக மட்டும் இல்லை. என்னோடு 1990களில் ஒரு துறைமுக ஊரில் பழைய பாய்லர் பூச்சை வெறும் கையால் பிரித்த ஒன்பது பேரில் நான்கு பேருடைய முழுப் பெயர்கூட இன்று எனக்குத் தெரியாது. காண்டிராக்டரின் நோட்டில் "ஹெல்பர் – 9" என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். அவர்களில் யாராவது இருமி இருமிச் செத்திருந்தால் அது எந்தக் கணக்கிலும் ஏறியிருக்காது.

சங்கம் என்றால் கொடி, கோஷம் என்று மட்டும் நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: முதலில் அது ஒரு பதிவேடு. வட அமெரிக்காவில் அந்தப் பதிவேட்டிலிருந்துதான் மற்றதெல்லாம் முளைத்தது. காண்டிராக்டர்களின் அமைப்போடு சங்கம் கூலி ஒப்பந்தம் போடுகிறது. புதிதாக வருகிறவன் இடத்துக்கு இடம் மூன்று முதல் ஐந்து ஆண்டு பயிற்சியாளன். பகலில் வேலைக்குக் கூலி உண்டு, அதோடு வகுப்பும் உண்டு. கைதேர்ந்த தொழிலாளியின் கூலியில் இத்தனை சதவீதம் என்று தொடங்கி, படி ஏற ஏறக் கூடும். ஒரு வேலை முடிந்தால் சங்கத்தின் பட்டியலில் பெயரைப் பதிந்து அடுத்த வேலைக்குக் காத்திருக்கலாம். ஓய்வூதியமும் மருத்துவக் காப்பும் ஒரு கம்பெனியோடு கட்டப்பட்டவை இல்லை. உழைத்த மணிகளோடு கட்டப்பட்டவை. இந்த மாதம் ஒரு காண்டிராக்டர், அடுத்த மாதம் வேறொருவர் என்றாலும் மணிகள் ஒரே கணக்கில் சேரும். நம் பையன்கள் ஷட்டவுனுக்கு ஷட்டவுன் ஆள் மாறிப்போகிறார்களே, அந்த வாழ்க்கைக்கென்றே தைத்த சட்டைபோல இருக்கும்.

ஆனால் அந்தச் சங்கம் விசா தராது. தஞ்சாவூரில் 6 லட்சம் வாங்கிக்கொண்டு ஆள் சேர்க்கவும் செய்யாது. அங்கே வேலை செய்யச் சட்டப்படி உரிமை உள்ளவர்களைத்தான் பயிற்சிக்கு எடுப்பார்கள். கனடாவுக்குக் கைத்தொழில்காரர்கள் குடியேற அந்நாட்டு மத்திய அரசின் திட்டம் ஒன்று 2013இல் வந்தது. அதற்குக் கேட்பவை: கடந்த 5 ஆண்டுக்குள் இரண்டு ஆண்டு முழுநேர அனுபவம், அதாவது 3,120 மணி நேரம், ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ தேர்வு, ஓராண்டு வேலைக்கு அங்குள்ள முதலாளியின் உறுதி, அல்லது அங்குள்ள மாகாணம் ஒன்று தருகிற தொழில் தகுதிச் சான்று. அயல்நாட்டுத் தொழிலாளியை எடுக்க அனுமதி கேட்டு முதலாளி அங்கே கட்டுகிற கட்டணத்தைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்பது அந்நாட்டு விதி. நம் நாட்டிலும், வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கப் பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். 6 லட்சம் கேட்கிறவர் இந்த இரண்டு விதிக்கும் வெளியே நிற்கிறார். அவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். மத்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடிப்பாருங்கள். பெரும்பாலும் பேச்சு அதோடு நின்றுவிடும்.

அந்த 3,120 மணி நேரத்தை மீண்டும் ஒருமுறை பாருங்கள். உங்கள் மகன் இரண்டரை ஆண்டில் அத்தனை மணி நேரம் உழைத்திருக்கக்கூடும். ஆனால் எந்தத் தாளில் இருக்கிறது? எந்த ஆலை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை மணி, என்னென்ன வேலை என்று முதலாளியின் கடிதத்தாளில் இருந்தால்தான் செல்லும். ஆக 6 லட்சம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அவனுக்குத் தேவைப்படுவது நியூயார்க் தொழிலாளிக்கு இருந்த அதே பொருள்தான்: பதிவேட்டில் அவன் பெயர்.

அதை இங்கேயே தொடங்கலாம், செலவில்லாமல். பி.எஃப். பிடிக்கிறார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். பிடித்தால் அவனுக்கு யு.ஏ.என். என்ற 12 இலக்க எண் ஒன்று இருக்கும். 2014இல் வந்த ஏற்பாடு. காண்டிராக்டர் மாறினாலும் எண் மாறாது. நமக்கு வாய்த்த, மணிகளைச் சேர்த்துவைக்கிற கணக்கு அதுதான். சிலர் ஒவ்வொரு வேலைக்கும் புது எண் போட்டுவிடுவார்கள். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவருக்கு இ.எஸ்.ஐ. என்ற மருத்துவக் காப்பீடு உண்டு, உங்கள் மகனின் 800 ரூபாயை 26 நாளால் பெருக்கினால் 20,800, உள்ளேதான் வருகிறது. சம்பளச் சீட்டு, கேட் பாஸ், பாதுகாப்புப் பயிற்சிக்குக் கொடுக்கிற அட்டை எதையும் எறிய வேண்டாம். நான் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தேன். என் ஓய்வுக்காலக் கணக்கைத் தீர்க்க அந்த டின்தான் உதவியது.

இங்குள்ள சங்கத்துக்கு வருகிறேன். கீழத்தஞ்சைக்காரரான உங்களுக்கு நான் என்ன புதிதாகச் சொல்ல? சாணிப்பாலும் சவுக்கடியும் இருந்த வயல்களில் பண்ணையாட்கள் கூடி நின்றதால்தான் 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சங்கம் வேலையைக் கெடுக்கும் என்று அன்றும் சொன்னார்கள். உங்கள் மகனின் பயம் பொய்யில்லை. தனியாக ஒரு பையன் போய்க் கொடி பிடித்தால் அடுத்த ஷட்டவுனுக்குக் கூப்பிடாமல் விடுவார்கள், பார்த்திருக்கிறேன். அதனால் தனியாகப் போகக் கூடாது. சங்கம் பதிவு செய்ய ஏழு பேர் கையெழுத்து வேண்டும் என்று 1926ஆம் ஆண்டுச் சட்டம் வைத்தது. 2001 திருத்தம் அதோடு, அங்கே வேலை செய்கிறவர்களில் பத்தில் ஒருவர் அல்லது 100 பேர், எது குறைவோ அத்தனை பேராவது உறுப்பினராக இருக்க வேண்டும் என்றது. ஊர் ஊராகச் சுற்றுகிற இன்சுலேஷன் ஆட்களுக்கு இது கடினம். புதிதாகத் தொடங்குவதைவிட, பெரிய ஆலைகளில் ஏற்கெனவே இருக்கிற ஒப்பந்தத் தொழிலாளர் சங்கத்தில் குழுவாகச் சேர்வதே நடக்கிற வழி. எந்தக் கட்சியின் சங்கம் என்று நான் சொல்லமாட்டேன். பத்துப் பேர் சேர்ந்து போய், எங்களுக்கு இன்சுலேட்டர் என்று தனி வகைப்பாடு வாங்கித் தருவீர்களா, இல்லை ஹெல்பர் பட்டியலிலேயே போடுவீர்களா என்று கேளுங்கள். பதிலைப் பார்த்து முடிவு செய்யலாம். காண்டிராக்டர் கூலி தராமல் ஓடினால் ஆலை நிர்வாகம் தர வேண்டும் என்பது 1970இலேயே சட்டமான விஷயம். இதைத் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தாலே காண்டிராக்டரின் குரல் கொஞ்சம் தணியும்.

வேலை கிடைக்குமா என்று கேட்பீர்கள். இதற்கும் பட்டம் உண்டு, குறுவை சம்பாபோல. சர்க்கரை ஆலைக்கு அரவை முடிந்த பிறகு. மின்நிலையத்துக்கு ஆண்டுப் பராமரிப்பின்போது. குத்தாலத்திலும் திருமாக்கோட்டையிலும் எரிவாயு மின்நிலையங்கள், வடக்கே நெய்வேலி, மேற்கே திருவெறும்பூரில் பாய்லர் செய்கிற பெல், அதைச் சுற்றி ஃபேப்ரிகேஷன் பட்டறைகள். நரிமணம் எண்ணெயைச் சுத்திகரிக்கப் பனங்குடியில் 1993 முதல் ஓடிய ஆலை இருந்த இடத்தில் ஆண்டுக்கு 90 லட்சம் டன் ஆலைக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அது எழுந்தால் இந்தக் கைகளுக்கு நிறைய வேலை. ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம், அடிக்கல்லைப் பார்த்து யாரும் நாற்று விடுவதில்லை. குளிர் வேலையையும் அவன் கற்றுக்கொள்வது நல்லது: ஐஸ் ஆலை, மீன் பதப்படுத்துகிற இடம், பால் பண்ணை. செம்பில் குளிர்ந்த நீர் வைத்தால் வெளியே வியர்க்கிறதே, அந்த வியர்வை பஞ்சுக்குள் புகாமல் அடைப்பதுதான் அங்கே வித்தை.

வெளிநாடு போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. டெல்டாவில் அப்படிச் சொன்னால் யார் கேட்பார்கள்? சிங்கப்பூரில் வேதி ஆலைகளைக் கட்டுகிற பிரிவில் வெப்பக்காப்புக்கென்று தனி ஸ்கில் டெஸ்ட் இருக்கிறது. கனடாவைவிட அது கைக்கு எட்டுகிற கிளை. ஆனால் ஸ்கில் டெஸ்ட் பாஸ் செய்து வருகிறவனுக்கு அங்கே கிடைப்பது கூலி. மேலே ஏற வேண்டுமானால் தகரம் வெட்டத் தெரிந்திருக்க வேண்டும். வளைகுடாவிலும் வேலை உண்டு, சவூதியிலும் கத்தாரிலும் அமீரகத்திலும் சங்கம் வைக்க அனுமதி இல்லை என்பதை அறிந்தே போக வேண்டும். சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. ஏஜெண்டிடம் போவதற்கு முன் அங்கே பதிவு செய்யட்டும்.

அடுத்த ஓராண்டுக்கு நான் சொல்வது சிறிய வேலைதான். வேலை இல்லாத மாதங்களில் அவன் வீட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஐ.டி.ஐ.யில் ஷீட் மெட்டல் ஒர்க்கர் பிரிவு ஓராண்டுதான். ஃபிட்டர் படித்தவன் மறுபடி சேர வேண்டியதில்லை, ஆனால் அந்தப் பாடப் புத்தகத்தை வாங்கி, உருளை, கூம்பு, எல்போ விரித்து வரைகிற பகுதியை மட்டும் படிக்கட்டும். மத்திய அரசுத் திறன் திட்டத்தில், ஏற்கெனவே வேலை தெரிந்தவரைச் சோதித்துச் சான்றிதழ் தருகிற முறையும் இருக்கிறது. அவன் வேலைக்குப் பொருந்துகிற பிரிவு வந்தால் விட வேண்டாம். இந்தத் தொழிலுக்கு நம் நாட்டில் ஐ.எஸ். 14164 என்று ஒரு தரநெறி உண்டு. அதை ஒருமுறை படித்தவன் சூப்பர்வைசரிடம் பேசுகிற தொனியே மாறிவிடும்.

பெண் வீட்டாருக்கு என்ன சொல்வது என்று உங்களுக்குத் தயக்கம். பாய்லருக்கும் நீராவிக் குழாய்க்கும் வெப்பக்காப்புச் செய்கிறான் என்று சொல்லுங்கள். பொய் இல்லை. அவர்கள் வீட்டில் பிளாஸ்க் இருக்கும். அதைக் காட்டி, இதைத்தான் என் மகன் ஆலை அளவுக்குச் செய்கிறான் என்றும் சொல்லலாம்.

ஒரு வேண்டுகோள். அவன் அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு பழைய பெயிண்ட் டின் தகரமோ சிமெண்ட் சாக்குக் காகிதமோ எடுத்து, 6 அங்குல எல்போவுக்கு, 50 மில்லிமீட்டர் பஞ்சு கணக்கில், ஐந்து சுளையாக வெட்டிக் கோத்துப் பார்க்கட்டும். நான்கு பக்கமிருந்தும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மடிப்பின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்து, அவனுக்கே நேராகப் பதில் எழுதுகிறேன்.